மூன்றாவது அடையாளம்

பேருந்து நிலையத்தின் தொலைந்த பொருள் அறைக்குப் போகப் பதினான்கு படிகள் இறங்க வேண்டும். பத்தாவது படி வரைக்கும் மேலேயிருக்கும் சத்தமும் கூடவே இறங்கி வரும். என்ஜின் உறுமல், ஊர்ப் பெயரைக் கூவும் குரல், யாரோ யாரையோ ஓடி வரச் சொல்வது. பதினோராவது படியில் சுவர் ஒரு பக்கமாகத் திரும்பும். அங்கே சத்தம் நின்றுவிடும். குறைவதில்லை. நின்றுவிடும்.

அவள் முதல் நாள் அந்தப் படிகளில் இறங்கியபோது கையில் சாப்பாட்டு டப்பாவும் மாற்றல் உத்தரவும் இருந்தன. பதினாறு வருடம் முன்பதிவுப் பிரிவில் வெளிச்சமான ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை பார்த்தவள். வழிகாட்டிக்கொண்டு முன்னால் இறங்கிய கண்டக்டரை எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் இல்லாதபோதும் வாயில் ஒரு விசில் தொங்கிக்கொண்டிருக்கும். பஸ்களில் கிடைத்ததையெல்லாம் தினமும் மதியம் ஒரு சாக்கில் போட்டு இந்த அறைக்குக் கொண்டுவருவது அவன் வேலை.

"வாங்கக்கா, உங்க அரண்மனைக்கு," என்று இரும்புக் கதவைத் தள்ளினான்.

நனைந்த குடையின் வாடை. அதற்குக் கீழே பழைய தோல் வாடை. அதற்கும் கீழே, யாருடையது என்று சொல்ல முடியாத, மனிதத் தலைமுடியின் வாடை. கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள். குடைகள், கண்ணாடிகள், சாப்பாட்டுப் பைகள், ஒரு தம்புரா, இரண்டு பல்செட்டுகள். ஒரு தட்டு முழுக்கக் கைக்கடிகாரங்கள். ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய நேரத்தைக் காட்டிக்கொண்டு ஓடின.

"அது பாருங்கக்கா," என்று மூலையைக் காட்டினான். அங்கே ஊன்றுகோல் ஒன்று சாய்ந்திருந்தது. "அதை விட்டுட்டு எப்படி நடந்து போயிருப்பாங்கன்னு மூணு வருஷமா யோசிக்கிறேன்."

அவள் சிரித்தாள். அந்த அறையில் சிரிப்பு சுவரில் பட்டுத் திரும்பாமல் அங்கேயே உதிர்ந்தது.

வேலை எளிது. வந்த பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மஞ்சள் அட்டை. எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதி நூலால் கட்ட வேண்டும். மூடிய பெட்டி என்றால் திறந்து பார்த்து, உள்ளே இருப்பதை அட்டையின் பின்பக்கத்தில் எழுத வேண்டும். தேடி வருபவர்கள் கம்பி ஜன்னலுக்கு வெளியே நிற்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது சுவரில் பலகையாகவே மாட்டியிருந்தது: உரியவர் மூன்று அடையாளம் சொல்ல வேண்டும். வெளியே தெரியும் அடையாளம் செல்லாது.

குடை கறுப்பு என்றால் போதாது. கைப்பிடிக்கு உள்ளே கீறல் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அட்டையை இரண்டாகக் கிழித்துப் பாதியை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அந்த நொடியிலிருந்து பொருள் அவர்களுடையது. பிறகு வேறு யார் வந்து அழுதாலும் திரும்பாது.

மாதங்கள் போயின. ஒரு நாளில் நூறு தடவை அதே வாக்கியங்கள். மூணு அடையாளம் சொல்லுங்க. வெளியே தெரியறது செல்லாது. அடுத்தது. வீட்டில் மகள் சாப்பாடு கேட்டால்கூட ஒருநாள் வாய் தவறி "அடுத்தது" என்றாள். கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் கடிகாரம் பழுது பார்ப்பவன். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, மயிரிழைத் திருகாணிகளோடு பகல் முழுக்கப் பேசுவான்.

பிறகு அந்த வெள்ளிப் பெட்டி வந்தது.

உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. பதினேழாம் எண் பஸ்ஸில், சீட்டுக்கு அடியில் கிடைத்தது என்று விசில் கொடுத்தான். வழக்கமாக ஏதாவது கேலி பேசுகிறவன் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் படியேறிப் போய்விட்டான். அவள் திறந்து பார்த்தாள். ஒரு பால்பல். நூலால் கட்டிய சுருட்டை முடி ஒரு கொத்து. பிறந்த குழந்தையின் கையில் ஆஸ்பத்திரியில் கட்டும் பிளாஸ்டிக் பட்டை. பட்டையில் பெயரில்லை. 'பெண் குழந்தை' என்று மட்டும் மங்கலாக இருந்தது. மூன்றையும் அட்டையின் பின்னால் எழுதி, பெட்டியை மேல் அலமாரியில் வைத்தாள்.

நான்கு நாள் கழித்து, மூடப்போகிற நேரத்தில் ஒருவன் வந்தான். நல்ல சட்டை, அவசரமான கண்.

"வெள்ளிப் பெட்டி ஒண்ணு. என்னோடதுதான்."

"உள்ள என்ன இருக்கு?"

"அதெல்லாம் வீட்டுப் பொம்பளைங்க வெச்சது, எனக்கு எப்படித் தெரியும்?"

மணி ஆறாக ஐந்து நிமிடம். ஆறு ஐந்துக்கு அவள் பஸ். அதை விட்டால் அடுத்தது ஏழுக்கு.

"குழந்தை சம்பந்தப்பட்டதா?" என்று கேட்டாள்.

"ஆமா, குழந்தை."

"பல்லா?"

"பல்லுதான். ஆமாமா."

"முடியும் இருக்கா?"

"இருக்கே! அதான் சொல்ல வந்தேன்."

மூன்றாவதையும் அப்படியே அவன் வாயில் ஊட்டினாள். பாவம், பதற்றத்தில் மறந்திருக்கிறான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டான். அட்டையைக் கிழித்தாள். அவன் படியேறினான். அவளும் ஷட்டரை இறக்கிவிட்டுப் படியேறினாள்.

மறுநாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு ஷட்டரைத் தூக்கியபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். படியில் யாரும் இறங்கிய சத்தம் கேட்டிருக்கவில்லை.

சாம்பல் நிறச் சால்வை. ஒரு காலில் செருப்பு. மற்றது வெறுங்கால்.

"ஒரு பல்லு," என்றாள் அந்தப் பெண். கேட்பதற்கு முன்பே. "கீழ் வரிசையில முதல்ல விழுந்தது. சுருட்டை முடி, நீல நூலு. கையில கட்டின பட்டை. வர்றதுக்கு நேரமாயிருச்சு. வர முடியல."

அவள் மேல் அலமாரியைப் பார்த்தாள். "அது... நேத்து குடுத்தாச்சும்மா."

"யாருக்கு?"

"வந்தவருக்கு. மூணு அடையாளம் சொன்னாரு."

அந்தப் பெண் கத்தவில்லை. அழவில்லை. ஜன்னலின் கம்பியை ஒரு விரலால் மெல்லத் தடவினாள்.

"சரி. அப்ப நான் காத்திருக்கேன்."

படியடியில், சுவரோரம் ஒரு பெஞ்ச் உண்டு. அதில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாளும் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மறுநாளும். எத்தனை மணிக்கு வருகிறாள், எப்போது போகிறாள் என்று தெரியவில்லை. ஷட்டரைத் தூக்கினால் இருப்பாள். இறக்கும்போதும் இருப்பாள். அவள் மனதுக்குள் அந்தப் பெண்ணுக்குப் பெஞ்சுக்காரி என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் போயிருக்கும். விசில் சாக்கைக் கொட்டியபோது குடைகளுக்கு நடுவே ஒரு சாவிக்கொத்து விழுந்தது. அது அவள் வீட்டுச் சாவி.

"இது எங்க கிடைச்சுது?"

"நூலகத்து வாசப்படியிலயாம். பஸ்ஸில ஏறின ஒருத்தர் குடுத்தாரு. ஏன்க்கா?"

"என்னோடது. ஆனா நான் நூலகத்துப் பக்கமே போனதில்லையே."

விசில் சாவியைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "அதெல்லாம் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். மூணு அடையாளம் சொல்லுங்க, அப்பதான் குடுப்பேன்."

"போடா. பெரிய சாவியில வட்டத்துக்குள்ள துரு. சின்னதுல ஒரு பல் மழுங்கியிருக்கும்."

"ரெண்டு. மூணாவது?"

அவள் யோசித்தாள். பத்து வருடமாகக் கையில் இருக்கிற சாவி. மூன்றாவதாக ஒன்று சொல்லத் தெரியவில்லை.

"வளையத்துல ஒரு மயிர் சுத்தியிருக்கும்," என்றது வெளியேயிருந்து ஒரு குரல். "மகளோடது."

விசில் திரும்பவில்லை. அவனுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே சாவியை அவள் கையில் வைத்தான். வளையத்தில் மெல்லிய நீள மயிர் ஒன்று சுற்றியிருந்தது.

அன்று மாலை அந்தச் சாவி வீட்டுப் பூட்டில் நுழைந்தது, திரும்பவில்லை. கதவைத் தட்டினாள். மகள் திறந்தாள். பதினைந்து வயது. ஒரு நொடி, ஒரே நொடி, அவளைப் பார்த்தாள்.

"யாரு வேணும்?"

பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஐயோ, அம்மா! தூக்கக் கலக்கம்," என்று சிரித்தாள்.

அடுத்து அவள் மோதிரம். குளிக்கும்போதுகூடக் கழற்றாதது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடைத்ததாக விசில் கொண்டுவந்தான். அதன் உட்பக்க எழுத்தைப் பற்றி அவள் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் பெஞ்சிலிருந்து மற்ற இரண்டும் வந்துவிட்டன. மோதிரத்தைப் போட்டுக்கொண்டாள். விரலில் நிற்கவில்லை. வேறு யாரோ ஒரு தடித்த விரலுக்குச் செய்ததுபோல் வழுக்கியது.

அன்றிரவு கணவன் மூன்று தட்டுக்குப் பதில் இரண்டு தட்டு எடுத்து வைத்தான். அவள் அடுப்பருகே நின்றுகொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏங்க, எனக்கு?"

அவன் திடுக்கிட்டான். "நீ சாப்பிட்டுட்டேன்னு நெனச்சேன்."

மூன்றாவது, மகளின் சின்ன வயதுப் படம். அவள் பர்ஸில் எப்போதும் இருப்பது. பூங்காவில் ஊஞ்சல் பலகையில் கிடைத்ததாம். அந்தப் படத்துக்கு அவளால் ஓர் அடையாளம்கூடச் சொல்ல முடியவில்லை. எந்த வயதில் எடுத்தது என்பதே மறந்துபோயிருந்தது. கையில் வாங்கிப் பார்த்தாள். படத்தில் குழந்தை கேமராவைப் பார்த்துச் சிரித்ததாகத்தான் ஞாபகம். இப்போது முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. படத்துக்கு வெளியே யாரோ நின்று கூப்பிட்டதுபோல.

"விசில்," என்றாள் தாழ்ந்த குரலில். "அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கிறது யாருன்னு தெரியுமா?"

அவன் எட்டிப் பார்த்தான். "பெஞ்சுல யாருக்கா இருக்கா?"

"சாம்பல் சால்வை. ஒத்தச் செருப்பு."

விசிலின் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று.

"அக்கா, யாரு சொன்னா உங்களுக்கு?"

"என்ன சொன்னா?"

அவன் சாக்கின் வாயை முறுக்கிக்கொண்டே சொன்னான். "அந்த வெள்ளிப் பெட்டி கிடைச்ச அன்னிக்கு, பதினேழுல ஒரு அம்மா மயங்கி விழுந்தாங்க. நானும் டிரைவரும்தான் தூக்கினோம். ஒரு செருப்பு பஸ்ஸிலயே விழுந்துருச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. பெட்டி, பெட்டின்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நான் ஏதோ பிரயாணப் பெட்டின்னு நெனச்சேன்."

தட்டில் கடிகாரங்கள் ஓடின.

"நீங்க அந்தப் பெட்டியைச் சரியான ஆளுக்குத்தான குடுத்தீங்க?"

"மூணு அடையாளமும் சொன்னாரு," என்றாள் அவள்.

மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரி முழுக்கப் படிக்காமலே ஓரமாக வைத்தார். "கீழ ஒரு தொந்தரவும் இல்லாத வேலை. அதுக்கே மாற்றலா? ஆறு மாசம் போகட்டும்மா."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். விசில் சாக்கைக் கொட்டிவிட்டுப் போயிருந்தான். அவள் வரிசையாக அட்டை எழுதிக் கட்டிக்கொண்டு வந்தாள். குடை. குடை. பிளாஸ்க். கண்ணாடிக் கூடு. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கையில் ஏதோ இழுத்தது.

அவள் இடது மணிக்கட்டில் மஞ்சள் அட்டை ஒன்று கட்டியிருந்தது.

அவள் கையெழுத்து. கிடைத்த இடம்: தொலைந்த பொருள் அறை. நேரம்: மூன்று மணி.

நூலைப் பிய்த்தாள். பிய்யவில்லை. கத்தரியை எடுத்து வைத்து அழுத்தினாள். கத்தரி நூலை மடித்ததே தவிர வெட்டவில்லை. எழுந்து கதவுக்கு ஓடினாள். இரும்புக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இருந்த இடத்தில் வழவழப்பான தகடுதான் இருந்தது. கைப்பிடி இருந்ததா என்றே சந்தேகமாகிவிட்டது. இத்தனை மாதம் எப்படி வெளியே போனோம் என்று யோசித்துப் பார்த்தாள். கதவைத் திறந்த ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

படியில் காலடி. யாரோ இறங்கி வந்தார்கள். ஜன்னலுக்குப் பாய்ந்தாள். கதவைத் திறங்க என்று கத்த வாயைத் திறந்தாள்.

"மூணு அடையாளம் சொல்லுங்க," என்றது அவள் வாய்.

வந்தவர் குடைக்கு அடையாளம் சொன்னார். அவள் கை போய்க் குடையை எடுத்தது. கை அட்டையைக் கிழித்தது. உள்ளுக்குள் அவள் அலறிக்கொண்டிருந்தாள். அலறல் பல்லுக்கு இந்தப் பக்கம் வந்ததும் வாக்கியமாகிவிட்டது. அடுத்தது. கையெழுத்துப் போடுங்க. வெளியே தெரியறது செல்லாது. அவர் கண்கள் அவள் முகத்தின் மேல் ஒருமுறை ஓடின. அலமாரியைப் பார்ப்பதுபோலத்தான் ஓடின.

ஆறு மணி ஆனது. ஷட்டரை இறக்க யாருமில்லை. ஜன்னல் திறந்தே கிடந்தது. அவள் நாற்காலியில் இருந்தாள். பெஞ்சுக்காரி பெஞ்சில் இருந்தாள். இருவருக்கும் நடுவே கம்பி. எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று அவளுக்குக் குழம்பியது.

இரவு எப்படிப் போனதென்று சொல்ல முடியாது. விளக்கு அணையவில்லை. விடியற்காலையாக இருக்கலாம், அலமாரியில் எங்கோ ஒரு பல்செட் மெல்ல இடம் மாறி உட்கார்ந்த சத்தம் கேட்டது.

சனிக்கிழமை பகலில் கணவனும் மகளும் வந்தார்கள்.

மகளின் கண்கள் வீங்கியிருந்தன. கணவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அவர்களைப் பார்த்ததும் அவள் நெஞ்சு கம்பியில் வந்து மோதியது. உடம்பு நாற்காலியை விட்டு அசையவில்லை.

"மேடம்," என்றான் கணவன். அவளைப் பார்த்து. "என் வீட்டுக்காரி நேத்து வேலைக்கு வந்தா. திரும்பி வரல. மேல கேட்டா, எது தொலைஞ்சாலும் கீழதான் கேக்கணும்னு சொல்றாங்க."

*நான்தாங்க. இதோ. நான்தான்.*

"மூணு அடையாளம் சொல்லுங்க."

"அஞ்சடி ரெண்டங்குலம். கண்ணாடி போட்டிருப்பா. நீலச் சேலை."

"வெளியே தெரியறது செல்லாது. அடுத்தது."

அவன் நெற்றியைத் தேய்த்தான். எந்தக் கடிகாரத்தைக் கொடுத்தாலும் அதன் வயிற்றுக்குள் இருக்கும் கீறல் வரைக்கும் சொல்லக்கூடியவன். இருபது வருடம் ஒரே கூரைக்குள் இருந்த மனைவியைப் பற்றி அவன் தேடினான், தேடினான். அவன் தேடுவதை அவள் பார்த்தாள். அது எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாததாக இருந்தது.

"நல்லவ," என்றான் கடைசியில். குரல் உடைந்தது. "ரொம்ப நல்லவங்க மேடம்."

"செல்லாது. அடுத்தது."

"தள்ளுப்பா," என்று மகள் முன்னால் வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா பாட்டு முணுமுணுக்கும். எந்தப் பாட்டையும் முடிக்காது. பாதியில விட்டுட்டு வேற வேலைக்குப் போயிரும்."

அவள் கை மணிக்கட்டு அட்டையில் ஒரு குறி போட்டது. ஒன்று.

"இன்னொண்ணு. நான் எதையாவது தொலைச்சுட்டு வந்தா முதல்ல திட்டும். அப்புறம் நான் தூங்கினதுக்கப்புறம் டார்ச் எடுத்துக்கிட்டுத் தெருவுல போய்த் தேடும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

இரண்டு.

"மூணாவது..." மகள் உதட்டைக் கடித்தாள்.

ஒரே ஒரு வழி இருந்தது. அவளுக்குப் பழகிய வழி. அன்றைக்கு அந்த ஆளுக்கு ஊட்டியதுபோல இவளுக்கும் ஊட்டிவிட்டால்? உயிரையெல்லாம் நாக்கில் திரட்டினாள். *தெரிஞ்சே செஞ்ச தப்பு ஏதாவதா? பெட்டி சம்பந்தப்பட்டதா?* நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு துடித்தது.

"அடுத்தது," என்றது வாய். "அடுத்தது. அடுத்தது."

"தெரியலையே," என்று மகள் அழுதாள். "எனக்குத் தெரியலையே!"

பெஞ்ச் முனகியது.

ஒரு செருப்புக் கால் ஓசை. ஒரு வெறுங்கால் ஓசை. ஒன்றுவிட்டு ஒன்று.

பெஞ்சுக்காரி வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். மகள் ஓர் அடி ஒதுங்கி இடம் விட்டாள். மகள் கண்ணுக்கும் பெஞ்சுக்காரி தெரிந்தாள்; வரிசையில் நிற்கும் யாரோ ஒருத்திக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கினாள்.

"பாட்டை முடிக்க மாட்டா," என்றாள் பெஞ்சுக்காரி நிதானமாக. "டார்ச் வெளிச்சத்துல மக பொருளைத் தேடுவா. மூணாவது..."

வேண்டாம்.

"அந்த ஆளு பின்னாலயே படி ஏறினா. மேல, சாக்கடை ஓரமா அவன் பெட்டியைத் திறந்தான். உள்ள இருந்ததைத் தட்டிக் கொட்டினான். பல்லு. முடி. பட்டை. வெறும் வெள்ளியைப் பையில போட்டுக்கிட்டான். இவ மூணடி தள்ளி நின்னு பார்த்தா. அப்பவே குனிஞ்சிருந்தா கைக்கு எட்டியிருக்கும். தண்ணி இழுத்துக்கிட்டுப் போற வரைக்கும் ரெண்டு நிமிஷம் இருந்துச்சு. மணியைப் பார்த்தா. ஆறு அஞ்சு பஸ்ஸில ஏறிப் போயிட்டா."

அறையில் எல்லாக் கடிகாரங்களும் ஓடிக்கொண்டிருந்தன.

எவரிடமும் சொல்லாதது. தன்னிடமே சொல்லிக்கொள்ளாதது. மூன்றாவது குறியை அவள் கையே போட்டது. கையெழுத்துப் புத்தகத்தை ஜன்னல் வழியாக நீட்டியது. பெஞ்சுக்காரி கையெழுத்துப் போட்டாள். மணிக்கட்டு அட்டை இரண்டாகக் கிழிந்தது. பாதி கம்பிக்கு அந்தப் பக்கம் போனது.

கதவு திறந்தது.

"அம்மா!" மகள் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். கணவன் அவள் தலையை, தோளை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "எங்கடி போயிருந்த? உள்ளயேவா இருந்த? நான் உன்னையேவா பார்த்துப் பேசிக்கிட்டு இருந்தேன்?"

"வீட்டுக்குப் போகலாம்," என்றாள் அவள். தன் குரல்தான். தன் வார்த்தைதான். அழுகை வந்தது. பெஞ்சைப் பார்த்தாள். காலியாக இருந்தது. பதினான்கு படியும் ஏறினார்கள். மேலே வெயில் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. சத்தமெல்லாம் திரும்பி வந்தது.

வீட்டுப் பஸ்ஸில் கூட்டம். கணவனும் மகளும் முன்னால் கம்பியைப் பிடித்து நின்றார்கள். பின்வரிசையில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. மகள் நிமிடத்துக்கொரு தரம் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இனி அந்தப் படியில் கால் வைப்பதில்லை. வேலை போனாலும் போகட்டும். வீட்டுக்குப் போனதும் மகளிடம் உட்கார்ந்து முழுவதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பாட்டையாவது கடைசி வரைக்கும் பாட வேண்டும்.

அவர்கள் நிறுத்தம் வந்தது. கணவன் இறங்கினான். மகள் இறங்கிக்கொண்டே கையசைத்தாள். "வாம்மா!"

அவள் எழுந்தாள்.

எழவில்லை.

எழுந்துவிட்டதாக நினைத்தாள், உடம்பு இருக்கையிலேயே இருந்தது. மடியில் வைத்த பைபோல, வைத்த இடத்தில் இருந்தது. கையை உயர்த்தப் பார்த்தாள். மகளைக் கூப்பிடப் பார்த்தாள். கீழே மகள் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் ஜன்னலுக்கும் வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு முழம்கூட இல்லை. மகளின் கண்கள் அவள் முகத்தின் மேல் ஓடி, அடுத்த ஜன்னலுக்குப் போயின.

"அப்பா, அம்மா இறங்கிட்டாங்களா?"

பஸ் நகர்ந்தது. தெரு திரும்பியது. இருவரும் சின்னதாகி, ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் மறைந்தார்கள். பஸ்ஸில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். விளக்குகள் மங்கின. வெளியே அவளுக்குத் தெரியாத தெருக்கள் வந்தன. தெருவுக்குத் தெரு, ஓரத்தில், கறுப்பாக ஒரு சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து இருக்கை சில்லென்றிருந்தது. சாம்பல் நிறச் சால்வை அவள் முழங்கையில் உரசியது. ஒரு கை, கிழிந்த பாதி அட்டையைப் பத்திரமாக மடித்து உள்ளே வைத்தது.

"அவசரப்படாத," என்று காதருகே மெல்லச் சொன்னது குரல். "நாம இறங்கித் தேட வேண்டிய எடம் இன்னும் வரல."